இரும்பைக் கணக்கில் பிடிப்பது: திண்மங்களின் இலத்திரனும் காந்தமும் படிக்கத் தொடங்கும் மலையக மாணவருக்கு

தேயிலைத் தொழிற்சாலைக்குள் போய்வந்தவர்கள் காய்ந்த தூள் போகும் பாதையில் காந்தம் வைத்திருப்பதைக் கண்டிருப்பார்கள். இயந்திரங்களில் தேய்ந்து விழும் இரும்புத் துணுக்கு தூளோடு பெட்டிக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக அது. இரும்புத் துணுக்கு ஒட்டும். பித்தளைத் துணுக்கு ஒட்டாது. இரண்டும் உலோகம், இரண்டிலும் இலத்திரன்கள் ஓடித்திரிகின்றன. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

அணு எண்ணும் அணுக்கள் அடுக்கப்பட்ட விதமும் தெரிந்தால் இதற்கான விடையைக் கணித்தே எடுக்கலாம். ஆய்வுகூடமோ திரவ ஹீலியமோ தேவையில்லை. ஹட்டனிலோ பசறையிலோ ஒரு லயத்து அறையில் இருக்கும் லெப்டொப்பே போதும். உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் படித்தவர், பல்கலைக்கழக முதலாம் இரண்டாம் ஆண்டில் இருப்பவர் ஆகியோரை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்றுதான். நேரே பெரிய மென்பொருளை இறக்கி, யாரோ எழுதிய உள்ளீட்டுக் கோப்பை ஓட்டி, வந்த எண்ணை நம்பிவிடுவது. மென்பொருள் எதைக் கொடுத்தாலும் ஓர் எண்ணைத் திருப்பித் தரும், அது பிழை என்று சொல்லாது. ஆகவே ஒவ்வொரு படியிலும் விடை முன்பே தெரிந்த ஒரு கணக்கை முதலில் செய்ய வேண்டும். உங்கள் எண் அதோடு ஒத்துவரும்வரை அடுத்த படிக்குப் போகக் கூடாது. கீழே தந்துள்ள எண்கள் எல்லாம் அதற்காகத்தான்.

முதலில் ஒரு கைக்கணக்கு

கணினியைத் திறக்க முன் கொப்பியை எடுங்கள். இரும்பில் ஓர் அணுவின் காந்தத் திருப்பம் சுமார் 2.2 போர் மேக்னட்டன். அடுத்தடுத்த இரண்டு அணுக்களுக்கு இடையே 2.48 அங்ஸ்ட்ரம். இரண்டு சிறு சட்டக் காந்தங்கள் ஒன்றையொன்று இழுக்கும் சக்தியை, திருப்பத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் கனத்தால் வகுத்து, 10இன் அடுக்கு −7 ஆல் பெருக்கிக் கணியுங்கள். போர் மேக்னட்டன் என்பது 9.274 × 10இன் அடுக்கு −24 யூல்/டெஸ்லா. விடையை போல்ற்ஸ்மன் மாறிலியால் வகுத்து வெப்பநிலையாக்கினால் சுமார் 0.2 கெல்வின் வரும்.

இரும்பு தன் காந்தத்தை இழப்பதோ 1043 கெல்வினில். ஐயாயிரம் மடங்கு இடைவெளி. ஆகவே அணுக்காந்தங்கள் ஒன்றையொன்று இழுத்து வரிசையாகின்றன என்ற விளக்கம் இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. இப்போது அதே 2.48 அங்ஸ்ட்ரம் தூரத்தில் இரண்டு இலத்திரன்களின் மின் விலக்கலைக் கணியுங்கள். 14.4ஐ 2.48ஆல் வகுத்தால் 5.8 இலத்திரன்வோல்ற்று, அதாவது 67,000 கெல்வின் அளவு. காந்தத்துக்கான சக்தி வருவது இந்த மின் விலக்கலிலிருந்து. ஒரே ஸ்பின் கொண்ட இரண்டு இலத்திரன்கள் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்ற பவுலி தவிர்ப்பு விதி அந்த விலக்கலை ஸ்பின்னோடு கட்டிவிடுகிறது. இதற்குப் பெயர் பரிமாற்று இடைத்தாக்கம். உயர்தர இரசாயனவியலில் கறங்கல் என்று படித்ததுதான் இங்கே ஸ்பின்.

பழைய பௌதிகவியலை மட்டும் வைத்துக் காந்தத்தை விளக்க முடியாது என்பதை நீல்ஸ் போர் 1911இலும் வன் லீயுவன் 1919இலும் நிறுவினார்கள். குவாண்டம் பொறிமுறையைத் தவிர்த்துக்கொண்டு இந்தத் துறைக்குள் குறுக்குவழி கிடையாது.

கையில் இருக்க வேண்டியவை

8 ஜிபி நினைவகம் உள்ள லெப்டொப் போதும். 4 ஜிபி இருந்தால் முதல் மூன்று படிகளையும் செய்யலாம். உபுண்டு லினக்ஸ் போடுங்கள். விண்டோஸை அழிக்க விருப்பமில்லை என்றால் அதற்குள்ளேயே லினக்ஸ் இயங்கும் வசதி உண்டு. பைத்தன், தாயக் கணக்குக்கு நம்பை, படம் வரைய மெட்பிளொட்லிப், நான்காம் படியில் உண்மையான திண்மங்களைக் கணிக்க குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ. எல்லாம் இலவசம், எல்லாவற்றின் மூலநிரலும் திறந்திருக்கிறது. சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் ஒரு தடவை இறக்கிக்கொண்டால் பிறகு இணையமே இல்லாமல் மாதக்கணக்கில் வேலை செய்யலாம். ஆவணங்களையும் எடுத்துக்காட்டுக் கோப்புகளையும் அதே நேரத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிழைச்செய்தி வருவது எப்போதும் சிக்னல் இல்லாத இரவில்தான்.

கணிதத்தில் இன்றியமையாதது தாயம். ஒரு தாயத்தின் ஐகன் பெறுமானம் என்றால் என்ன என்பதைக் கையால் 2×2 தாயத்தில் செய்து பழகியிருக்க வேண்டும். மற்றதைப் போகப்போகப் படித்துக்கொள்ளலாம்.

கரண்ட் விடயத்தை இப்போதே சொல்லிவிடுகிறோம். சித்திரை, ஐப்பசி இடிமழைக் காலங்களில் பிற்பகலில் நீண்ட கணக்கை ஓடவிடாதீர்கள். ஓடவிட்டால் சார்ஜரையும் ரவுட்டரையும் கழற்றிவிட்டு பெற்றரியில் ஓட்டுங்கள். 2022இல் 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கணக்கைத் துண்டுதுண்டாகச் சேமிக்கும் பழக்கம் இங்கே கட்டாயம்.

படி 1: நிரையில் தாவும் இலத்திரன்

கொழுந்து நிரையில் செடிகள் சம இடைவெளியில் நிற்பதுபோல 10 அணுக்களை வரிசையாக வையுங்கள். கடைசி அணுவை முதல் அணுவோடு இணைத்து வளையமாக்குங்கள். ஒவ்வொரு அணுவிலும் ஓர் ஓபிற்றல். இலத்திரன் பக்கத்து அணுவுக்கு மட்டும் தாவலாம். தாவலின் வலிமையை 1 என வைத்தால், 10×10 தாயத்தில் மூலைவிட்டத்துக்கு இருபக்கமும் −1, வலமேல் மூலையிலும் இடக்கீழ் மூலையிலும் −1, மற்ற எல்லாம் 0. இதற்கு இறுக்கப்பிணைப்பு மாதிரி என்று பெயர்.

நம்பையில் ஐகன் பெறுமானங்களைக் கேளுங்கள். −2 ஒரு தடவை, −1.618 இரு தடவை, −0.618 இரு தடவை, பிறகு அதே எண்கள் நேர்க்குறியில் வர வேண்டும். மிகக் கீழான பெறுமானம் −1.919 என்று வந்தால் மூலைகளில் −1 போட மறந்துவிட்டீர்கள். உங்களிடம் இருப்பது வளையம் அல்ல, இரு முனைகள் கொண்ட சங்கிலி. கீழிருந்து 10 இலத்திரன்களை நிரப்புங்கள். ஒவ்வொரு மட்டத்திலும் மேல்ஸ்பின் ஒன்று, கீழ்ஸ்பின் ஒன்று. மொத்தச் சக்தி −12.944. அது 0 என்று வந்தால், ஒரு மட்டத்தில் ஓர் இலத்திரனை மட்டும் வைத்து பத்து மட்டங்களையும் நிரப்பியிருக்கிறீர்கள்.

அணுக்களை 10இலிருந்து 100, 1000 என்று கூட்டினால் மட்டங்கள் நெருங்கிப் பட்டையாகும். பட்டையின் அகலம் ஒரு பரிமாணத்தில் தாவலைப்போல் 4 மடங்கு, சதுரச் சாலகத்தில் 8 மடங்கு, எளிய கனச் சாலகத்தில் 12 மடங்கு. போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் எடுக்கும் காரீயத்தின் (கிராஃபைட்) ஒரே ஒரு படலத்துக்கு இதே கணக்கைச் செய்யலாம். அறுகோண வலையில் தாவல் சுமார் 2.7 இலத்திரன்வோல்ற்று. மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் சரியாக ஒரு புள்ளியில் தொட வேண்டும். தொடாவிட்டால் ஒரு அலகுக் கலத்தில் இரண்டு காபன் அணுக்கள் இருப்பதை விட்டுவிட்டீர்கள்.

இந்தப் படிக்கு ஒரு வாரம் போதும்.

படி 2: விலக்கலைச் சேர்த்தல்

முதல் படியில் இலத்திரன்கள் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. அப்படி இருக்கும்வரை காந்தம் வராது. 1963இல் ஹபார்ட் முன்வைத்த மாதிரி ஒரே ஒரு விடயத்தைச் சேர்க்கிறது: ஒரே அணுவில் இரண்டு இலத்திரன்கள் இருந்தால் ஒரு விலக்கல் சக்தி கொடுக்க வேண்டும். எழுத ஒரு வரிதான். ஆனால் முப்பரிமாணத்தில் இதற்கு முழுமையான தீர்வு இன்றுவரை கிடையாது. தொடங்குபவர் இரண்டு அணுக்களோடு தொடங்க வேண்டும்.

இரண்டு அணுக்கள், ஒரு மேல்ஸ்பின், ஒரு கீழ்ஸ்பின். நான்கு நிலைகள்தான்: ஆளுக்கொரு அணுவில் இருப்பது இரண்டு விதம், இருவரும் ஒரே அணுவில் இருப்பது இரண்டு விதம். தாவல் 1, விலக்கல் 8 என்று வைத்து 4×4 தாயத்தை எழுதினால் ஐகன் பெறுமானங்கள் −0.472, 0, 8, 8.472. அந்த 0 மிக முக்கியம். இரண்டு ஸ்பின்களும் ஒரே திசையில் இருக்கும் நிலையின் சக்தி அது. அங்கே தாவ முடியாது, விலக்கலும் இல்லை. அந்த 0 வராவிட்டால் குறிகளில் முரண்பாடு இருக்கிறது.

−0.472 எங்கிருந்து வந்தது என்பதில் சற்று நின்று யோசியுங்கள். ஸ்பின்கள் எதிரெதிராக இருந்தால் ஓர் இலத்திரன் பக்கத்து அணுவுக்கு ஒரு கணம் போய்த் திரும்பலாம், அதனால் சக்தி சற்றுக் குறைகிறது. ஒரே திசையில் இருந்தால் பவுலி விதி அந்தப் பயணத்தைத் தடுக்கிறது. விலக்கல் பெரிதாக இருக்கும்போது இந்த இலாபம் 4 × தாவலின் வர்க்கம் ÷ விலக்கல், இங்கே 0.5. அயல் ஸ்பின்கள் எதிரெதிராக நிற்கும் எதிர்க்காந்த ஒழுங்கின் வேர் இதுதான். ஸ்பின்னைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாத ஒரு மாதிரியிலிருந்து ஸ்பின்களுக்கு இடையே ஒரு விசை பிறப்பதைச் சொந்தக் கையால் கணித்துப் பார்ப்பது இந்தத் துறையின் மிக அழகான இடங்களில் ஒன்று. அவசரப்பட்டு இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

அடுத்து நான்கு அணு வளையம், இரண்டு மேல்ஸ்பின், இரண்டு கீழ்ஸ்பின். 36 நிலைகள். இரண்டு அணுவில் ஒளிந்திருக்கும் தவறு இங்கேதான் வெளியே வரும். ஓர் இலத்திரன் இன்னொன்றைத் தாண்டித் தாவும்போது குறி மாற வேண்டும். விலக்கலை 0 ஆக்கி ஓட்டுங்கள். முதல் படியின்படி மட்டங்கள் −2, 0, 0, 2; ஆகவே விடை −4 ஆக இருக்க வேண்டும். −5.657 வந்தால் வளையத்தின் கடைசி அணுவிலிருந்து முதல் அணுவுக்குத் தாவும்போது குறியை மாற்றவில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பெரிய வளையங்களுக்குப் போய், மாதக்கணக்கில் தவறான எண்களோடு மல்லாடுவது எளிது.

எவ்வளவு தூரம் போகலாம்? பாதி நிரம்பிய வளையத்தில் 8 அணுவுக்கு 4,900 நிலைகள். முழுத் தாயத்துக்கு 192 மெகாபைட்; லெப்டொப் தாங்கும். 10 அணுவுக்கு 63,504 நிலைகள், முழுத் தாயம் 32 ஜிபி கேட்கும், தாங்காது. பூச்சியமற்ற உறுப்புகளை மட்டும் சேமித்து லான்சொஸ் முறையில் மிகக் கீழான பெறுமானத்தை மட்டும் தேடினால் 12 அணுவரை, அதாவது 8,53,776 நிலைகள்வரை வசதியாகப் போகலாம். 16 அணுவில் ஒரே ஒரு நிலையைச் சேமிக்கவே 1.3 ஜிபி. இந்த வெடிப்புதான் இந்தத் துறையில் இத்தனை தோராய முறைகள் பிறந்ததற்குக் காரணம்.

படி 3: வெப்பமும் ஒழுங்கும்

இரும்பைச் சூடாக்கினால் காந்தம் ஏன் திடீரெனப் போகிறது என்பதற்கு ஐசிங் மாதிரி போதும். சதுரச் சாலகத்தில் ஒவ்வொரு புள்ளியிலும் ஸ்பின் +1 அல்லது −1. பக்கத்து ஸ்பின்கள் ஒத்திருந்தால் சக்தி −1, எதிராக இருந்தால் +1. எழுமாற்று எண்களால் கணிக்கும் மொண்டி கார்லோ முறைகளில் ஒன்றான மெட்ரோபொலிஸ் முறை: எழுமாற்றாக ஒரு ஸ்பின்னைத் தெரிந்து, திருப்பினால் சக்தி எவ்வளவு மாறும் என்று பாருங்கள். குறைந்தால் திருப்புங்கள். கூடினால், அந்த வித்தியாசத்தை வெப்பநிலையால் வகுத்து, குறியை எதிராக்கி, அடுக்குக்குறிச் சார்பில் இட்டு வரும் நிகழ்தகவோடு திருப்புங்கள்.

சக்தி மாற்றம் 2 × அந்த ஸ்பின் × நான்கு அயலவரின் கூட்டுத்தொகை. இந்த 2 விடுபடுவது மிகச் சாதாரணமாக நடக்கும். 1944இல் ஒன்சாகர் பெற்ற துல்லியமான தீர்வின்படி நிலைமாறும் வெப்பநிலை 2.269. உங்களுக்கு 1.13 அருகில் வந்தால் அந்த 2 விடுபட்டிருக்கிறது. 4.5 அருகில் வந்தால் ஒவ்வொரு சோடியையும் இரு தடவை எண்ணிவிட்டீர்கள்.

முதல் சோதனை 2×2 சாலகத்தில். ஓரங்களை வளைத்து இணைத்து, வெப்பநிலை 4 என்று வைத்தால், ஒரு ஸ்பின்னுக்குச் சராசரிச் சக்தி −1.073 ஆக வேண்டும். 16 நிலைகளைக் கையாலேயே எண்ணிச் சரிபார்க்கலாம். பிறகு 32×32, வெப்பநிலை 2. எல்லா ஸ்பின்களையும் மேல்நோக்கி வைத்துத் தொடங்குங்கள். முழுச் சாலகத்தையும் ஒரு தடவை சுற்றுவது ஒரு சுற்று. முதல் 2,000 சுற்றுகளின் தரவை எறிந்துவிட்டு அடுத்த 20,000 சுற்றுகளில் சராசரி எடுங்கள். காந்தமாக்கம் 0.911. எழுமாற்று நிலையிலிருந்து தொடங்கினால் சாலகம் இரண்டு பட்டைகளாகப் பிரிந்து அப்படியே உறைந்து, காந்தமாக்கம் 0 அருகில் நிற்கக்கூடும். அது பௌதிகவியல் விடை அல்ல, சிக்கிக்கொண்ட கணக்கு.

2.269 அருகில் எல்லாம் மந்தமாகும். சாலகத்தின் பக்கத்தை இரட்டித்தால் தேவைப்படும் சுற்றுகள் சுமார் நாலரை மடங்காகும். அடுத்தடுத்த அளவீடுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், சாதாரணச் சூத்திரத்தில் வரும் வழு மிகச் சிறியதாகக் காட்டி ஏமாற்றும். தரவைப் பெரிய கட்டுகளாகப் பிரித்து, கட்டுச் சராசரிகளிலிருந்து வழுவை எடுங்கள்.

அயலவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே பாராமல் அவர்களின் சராசரியை மட்டும் எடுக்கும் சராசரிப்புலத் தோராயம் என்ற எளிய முறை இதே சாலகத்துக்கு 4 என்று விடை தரும், உண்மையை விட 76 வீதம் கூட. ஒரு பரிமாணச் சங்கிலிக்கோ நிலைமாற்றமே இல்லாத இடத்தில் 2இல் நிலைமாற்றம் இருப்பதாகச் சொல்லும். இதை நினைவில் வையுங்கள், ஆறாம் படியில் தேவைப்படும்.

படி 4: உண்மையான இரும்பு

இனி அடர்த்திச் சார்பியக் கோட்பாடு, சுருக்கமாக டி.எஃப்.டி. எத்தனையோ இலத்திரன்களின் அலைச்சார்பைத் தேடாமல், இடத்துக்கு இடம் மாறும் இலத்திரன் அடர்த்தி ஒன்றை மட்டும் தேடினால் போதும் என்று 1964இல் ஹோஹன்பெர்க்கும் கோனும் காட்டினார்கள். அதைக் கணக்கிடக்கூடிய சமன்பாடாக 1965இல் கோனும் ஷாமும் மாற்றினார்கள். 1998இல் கோனுக்கு நோபல் பரிசு கிடைத்தது, அதுவும் இரசாயனவியலில். கோட்பாடு துல்லியமானது, ஆனால் அதில் வரும் பரிமாற்று-தொடர்பு என்ற பகுதிக்குத் துல்லியமான வடிவம் எவருக்கும் தெரியாது. எல்.டி.ஏ., பி.பி.ஈ. என்பவை அதற்கான தோராயங்கள். எல்.டி.ஏ. இரும்பின் மிகத் தாழ்ந்த சக்தி நிலையைக் காந்தமற்ற நெருக்கமான அடுக்கு என்று தவறாகச் சொல்கிறது. ஆகவே இரும்புக்கு பி.பி.ஈ. எடுங்கள்.

குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோவில் இரும்புக்கான உள்ளீட்டுக் கோப்பு முப்பது வரிக்குள் அடங்கும். ஒவ்வொரு வரியிலும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு.

கட்டமைப்பு உடல்மையக் கனம். ஐபிராவ் என்ற மாறிக்கு 3. கனத்தின் பக்கம் 2.866 அங்ஸ்ட்ரம். செல்டிஎம் மாறி கேட்பது போர் அலகில், 0.529177ஆல் வகுத்து 5.416 என்று கொடுக்க வேண்டும். 2.866 என்றே கொடுத்துவிட்டால் அணுக்கள் பாதித் தூரத்தில் நசுங்கி, கணக்கு திணறும் அல்லது அர்த்தமற்ற எண் வரும். இந்த அமைப்பில் கலத்துக்கு ஓர் அணுதான். கனமாகவே எழுதினால் இரண்டு அணுக்கள். அப்போது மொத்தக் காந்தத் திருப்பம் 4.4 என்று வரும், பயப்படத் தேவையில்லை, 2ஆல் வகுங்கள்.

ஸ்பின். என்ஸ்பின் மாறிக்கு 2. அதோடு ஸ்டார்ட்டிங் மேக்னடைசேஷனுக்கு 0.5 போன்ற ஒரு தொடக்க மதிப்பு கொடுக்க வேண்டும். மேல்ஸ்பின்னும் கீழ்ஸ்பின்னும் சமமாகத் தொடங்கினால் சமச்சீர் தானாக உடையாது. கணக்கு அழகாக ஒருங்கி, இரும்பு காந்தமற்றது என்று சொல்லிவிடும். விடை 0 வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த வரி.

போலியழுத்தக் கோப்பு. உள் இலத்திரன்களை அணுக்கருவோடு சேர்த்து மூடிவைக்கும் கோப்பு இது. அது எந்தத் தோராயத்தில் தயாரிக்கப்பட்டதோ அதிலேயே கணக்கும் ஓட வேண்டும்; எல்.டி.ஏ. கோப்பை பி.பி.ஈ. கணக்கில் கலக்காதீர்கள். அலைச்சார்பின் வெட்டுச் சக்தியான ஈகட்-டபிள்யூஎஃப்சியை 40 ரிட்பேக்கில் (இந்த மென்பொருளின் சக்தி அலகு) தொடங்கி 10 பத்தாகக் கூட்டி, சக்தி வித்தியாசம் அசையாமல் நிற்கும் இடத்தைத் தேடுங்கள். இரும்புக்கு 90வரை போக வேண்டிவரலாம். அடர்த்திக்கான ஈகட்-ரோ சாதாரண வகைக் கோப்புக்கு அதன் 4 மடங்கு, அல்ட்ராசொஃப்ட் வகைக்கு 8 முதல் 12 மடங்கு. அல்ட்ராசொஃப்ட் கோப்போடு 4 மடங்கை விட்டுவிடுவது காந்தத் திருப்பத்தைச் சத்தமில்லாமல் கெடுக்கும்.

கே-புள்ளி வலையும் மங்கலாக்கமும். பட்டையின் எந்தெந்த அலைகளை எடுத்துக் கணிப்பது என்பதைக் குறிக்கும் புள்ளிகளே கே-புள்ளி வலை. இரண்டையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். உலோகத்தில் நிரம்பிய மட்டங்கள் சட்டென முடிவதால் அந்த விளிம்பைச் சற்று மங்கலாக்காவிட்டால் கணக்கு ஒருங்காது. மார்சாரி–வாண்டர்பில்ட் வகையைத் தெரிந்து, மங்கலாக்கத்தின் அளவான டிகாஸுக்கு 0.01 அல்லது 0.02 ரிட்பேக் வைத்து, வலையை 8×8×8, 12×12×12, 16×16×16 என்று கூட்டுங்கள். கணக்கு ஒருங்கவில்லை என்று டிகாஸை 0.05க்கு உயர்த்துபவர்கள் உண்டு. ஃபெர்மி–டிராக் வகையில் 0.05 ரிட்பேக் என்பது 7,900 கெல்வின் வெப்பநிலைக்குச் சமம். அந்த அளவு சூட்டில் காந்தத் திருப்பத்தை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. ஒருங்காவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் புதிய அடர்த்தியை எவ்வளவு கலப்பது என்பதைச் சொல்லும் மிக்சிங் பீட்டாவை 0.7இலிருந்து 0.3, தேவையானால் 0.2 என்று குறையுங்கள். அதுதான் சரியான மருந்து.

ஓட்டிய பிறகு வெளியீட்டுக் கோப்பில் இரண்டு எண்கள் தெரியும்: மொத்தக் காந்தமாக்கம், குறியைப் பாராமல் கூட்டிய தனிக் காந்தமாக்கம். முதலாவது 2.2 அருகில் வர வேண்டும். இரண்டாவது அதை விடச் சற்றுக் கூட இருக்கும், ஏனெனில் அணுக்களுக்கு இடைப்பட்ட வெளியில் சிறிதளவு எதிர் ஸ்பின் தேங்குகிறது. பிறகு கனத்தின் பக்கத்தை 2.75இலிருந்து 2.95வரை மாற்றி மொத்தச் சக்தியை வரையுங்கள். வளைவின் அடி பி.பி.ஈ.யில் சுமார் 2.83இல் இருக்கும். பரிசோதனை எண்ணை விட ஒரு வீதம் குறைவு, அது தோராயத்தின் பிழை, உங்களுடையது அல்ல.

மின்வெட்டுக்கு: மேக்ஸ் செகண்ட்ஸ் என்ற மாறிக்குப் பெற்றரி தாங்கும் நேரத்தை விடக் குறைந்த வினாடிகளைக் கொடுங்கள். அந்த நேரம் வந்ததும் நிரல் எல்லாவற்றையும் எழுதிவைத்து ஒழுங்காக நிற்கும். அடுத்த தடவை ரீஸ்டார்ட் என்று கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கரண்ட் போய் நடுவில் செத்த கணக்கின் கோப்புகளை நம்பாதீர்கள். அழித்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள்.

பித்தளையில் இருக்கும் செம்புக்கு இதே கணக்கை ஓட்டினால், 0.5இல் தொடங்கினாலும் 0இல் முடியும். காரணம் ஸ்டோனர் நிபந்தனை: விளிம்பில் உள்ள மட்டங்களின் அடர்த்தியைப் பரிமாற்று வலிமையால் பெருக்கினால் 1ஐத் தாண்ட வேண்டும். இரும்பில் 3டீ பட்டை அந்த விளிம்பில் நெருக்கமாக நிற்கிறது. செம்பில் அது நிரம்பிக் கீழே போய்விட்டது, விளிம்பில் மிஞ்சியிருப்பது அகலமான, மட்டங்கள் அரிதான பட்டை. தொழிற்சாலைக் காந்தம் பித்தளையை விட்டுவிடுவது இதனால்தான்.

படி 5: நிக்கல் ஒட்சைட்டு, கோட்பாடு தடுமாறும் இடம்

இதை வேண்டுமென்றே செய்யுங்கள். ஒரு முறை எங்கே உடையும் என்று தெரியாமல் அதைப் பயன்படுத்துவது ஆபத்து. நிக்கல் ஒட்சைட்டு நல்ல காவலி, அதன் சக்தி இடைவெளி சுமார் 4 இலத்திரன்வோல்ற்று. சுமார் 525 கெல்வினுக்குக் கீழே எதிர்க்காந்தம். பி.பி.ஈ. அந்த இடைவெளியை மிகவும் குறைத்துக் காட்டும்.

கலத்தில் நான்கு அணுக்கள் வேண்டும். நிக்கலை இரண்டு வெவ்வேறு பெயர்களில் எழுதி ஒன்றுக்கு +0.5, மற்றதற்கு −0.5 தொடக்கம் கொடுங்கள். ஒரே பெயரில் எழுதினால் எதிர்க்காந்தம் வரவே வராது. மொத்தக் காந்தமாக்கம் 0 வருவது சரி. தனிக் காந்தமாக்கமும் 0 என்றால் காந்தம் செத்துவிட்டது. பிறகு இரண்டாம் படியின் விலக்கலை நிக்கலின் 3டீ ஓபிற்றல்களுக்கு மட்டும் சேர்க்கும் முறையைப் போடுங்கள். இடைவெளி திறக்கும். விலக்கலுக்கு என்ன மதிப்பு? பரிசோதனை இடைவெளி வரும்வரை முறுக்கிக்கொண்டே போனால் நீங்கள் எதையும் கணிக்கவில்லை, பொருத்தியிருக்கிறீர்கள். நேரியல் துலங்கல் மூலம் அதை உள்ளிருந்தே கணிக்கும் முறை இதே மென்பொருளில் உண்டு. வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து ஓட்டிச் சக்திகளை ஒப்பிடுங்கள். இந்த முறையில் கணக்கு மேலான நிலை ஒன்றில் சிக்கி நிற்பது அடிக்கடி நடக்கும்.

படி 6: 0 கெல்வினிலிருந்து கியூரி வெப்பநிலைக்கு

டி.எஃப்.டி. தரும் எண்கள் 0 கெல்வினுக்கானவை. காந்தம் போய்விடும் வெப்பநிலையான கியூரி வெப்பநிலை வேண்டுமானால் வெவ்வேறு ஸ்பின் ஒழுங்குகளின் சக்தி வித்தியாசத்திலிருந்து பரிமாற்று மாறிலியை எடுத்து, ஸ்பின் எந்தத் திசையிலும் திரும்பக்கூடிய ஹைசன்பெர்க் மாதிரியில் இட்டு, மூன்றாம் படியின் மொண்டி கார்லோவை ஓட்ட வேண்டும்.

இங்கே நடக்கும் தவறுகளில் பாதி, 2 என்ற எண்ணைப் பற்றியது. ஒரு கட்டுரையில் சோடி ஒரு தடவை எண்ணப்படும், இன்னொன்றில் இரு தடவை. ஒன்றில் ஸ்பின்னின் நீளம் 1, இன்னொன்றில் உண்மையான மதிப்பு. மாறிலியின் மதிப்பை எடுக்குமுன் அந்தக் கட்டுரையின் சமன்பாட்டைக் கொப்பியில் எழுதுங்கள். சோதனைக்கு எளிய கனச் சாலகம், சோடி ஒரு தடவை, நீளம் 1, மாறிலி 1: மொண்டி கார்லோவில் 1.443 வர வேண்டும். சராசரிப்புலம் 2 என்று சொல்லும்.

துல்லியம் இன்னொரு பொறி. 1 மில்லி ரிட்பேக் பிழை என்றால் 158 கெல்வின் பிழை. இரும்பின் முழுக் கியூரி வெப்பநிலையுமே 0.09 இலத்திரன்வோல்ற்றுதான். ஆகவே ஒருங்கல் எல்லையை 10இன் அடுக்கு −8 ரிட்பேக்குக்கு இறக்குங்கள், ஒப்பிடும் எல்லா ஒழுங்குகளையும் ஒரே கலத்தில், ஒரே வலையில் ஓட்டுங்கள். காந்தம் எந்தத் திசையை விரும்புகிறது என்ற திசைவிருப்பச் சக்தி இரும்பில் அணுவுக்கு மைக்ரோ இலத்திரன்வோல்ற்று அளவு. முதல் வருடத்தில் அதைத் தொடாதீர்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்பின்னையே அணைத்துவிட்டு ஓட்டிய கணக்கு, 1043 கெல்வினுக்கு மேலான இரும்பு அல்ல. அந்தச் சூட்டிலும் ஒவ்வொரு அணுவின் காந்தத் திருப்பமும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, திசைகள்தான் குலைந்திருக்கின்றன. அதைச் சரியாகக் கையாள இயங்கு சராசரிப்புலக் கோட்பாடு போன்ற முறைகள் வேண்டும். அந்த இடத்துக்கு வரும்போது தனியாகப் படிப்பது கடினம். பேராதனையிலோ வேறு பல்கலைக்கழகத்திலோ திண்மநிலைப் பௌதிகவியல் கற்பிப்பவரிடம் உங்கள் ஆறு படிகளின் கொப்பியோடு போய்ப் பேசுங்கள். அந்தக் கொப்பியில் ஒவ்வொரு கணக்குக்கும் மென்பொருளின் பதிப்பு எண், போலியழுத்தக் கோப்பின் முழுப்பெயர், இரண்டு வெட்டுச் சக்திகள், வலை, மங்கலாக்கத்தின் வகையும் அளவும் எழுதியிருக்க வேண்டும். இவை இல்லாமல் 2.2 என்ற எண்ணை மட்டும் காட்டினால் அதை எவராலும் திரும்பச் செய்துபார்க்க முடியாது.

அதற்கு முன் நிக்கல் உலோகத்தை எடுத்துத் தனியே செய்யுங்கள். முகமையக் கனம், ஐபிராவ் 2, பக்கம் 3.52 அங்ஸ்ட்ரம், அதாவது 6.652 போர். காந்தத் திருப்பம் 0.6 அருகில் வர வேண்டும். இது இரும்பை விட மங்கலாக்கத்துக்கு மிகவும் கூச்சப்படும், ஆகவே டிகாஸை 0.02, 0.01, 0.005 என்று குறைத்து, ஒவ்வொன்றிலும் வலையைக் கூட்டி, எண் நிற்கும் இடத்தை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.